ஆறு பேர், இரண்டு அடுப்பு: சேதுச் சீமையில் ஐந்து நாள் இத்தாலியச் சாப்பாடு

முதல் நாள்: ராமநாதபுரம்

இத்தாலிய உணவகம் என்று பலகை மாட்டிய இடத்தைத் தேடி யாரும் இந்தக் கரைக்கு வர வேண்டாம். ஏசி போட்ட சில உணவகங்களின் மெனுவில் ஃபிரைட் ரைஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே பாஸ்தா, பீட்சா என்று அரைப் பக்கம் இருக்கும். அதுபோக, சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் உண்டு. முதல் இரவுக்கு உணவகம், மற்ற நாட்களுக்கு மண்டபம் பக்கம் இரட்டை அடுப்பு உள்ள வீடு என்று பிரித்துக்கொண்டால் சரியாக வரும். எங்கள் கணக்கு ஆறு பேர். அதில் இருவர் சைவம், ஒருவர் ஹலால் பார்ப்பவர்.

உணவகத்தில் முதலில் கெடுவது ஆர்டர். ஆறு பேரும் ஆளுக்கொரு பாஸ்தா சொல்கிறார்கள். சின்னச் சமையலறையில் அதற்கென்று ஒதுக்குவது ஒரே அடுப்பு. தட்டுக்கு ஐந்து நிமிடம். ஆறாவது தட்டு வரும்போது முதல் தட்டு வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். தோசையென்றால் வந்தவர் சாப்பிட, வராதவர் பார்த்துக்கொண்டிருப்பார், நமக்குப் பழகியதுதான். பாஸ்தா அப்படிக் காத்திருக்காது. ஐந்தாறு நிமிடத்தில் சாஸை உறிஞ்சி ஊதிவிடும், ஒயிட் சாஸாக இருந்தால் களியாகிவிடும். அதனால் ஆறு பேருக்கு இரண்டே வகை, வகைக்கு மூன்று பிளேட். "மூணையும் ஒரே வாணலியில போட்டு ஒரே நேரத்துல கொண்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிட வேண்டும். சமையல்காரருக்கும் அதுதான் வசதி.

இன்னொன்றும் கேட்கலாம்: பாஸ்தாவை முன்பே வேகவைத்து எண்ணெய் புரட்டி வைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். எண்ணெய் புரட்டிய பாஸ்தாவில் சாஸ் ஒட்டாமல் வழுக்கும். அப்படியென்றால் ஸ்பகெட்டியை விட்டுவிட்டு பென்னே வாங்குங்கள். தடித்த குழல் என்பதால் இரண்டாவது வேக்காட்டைத் தாங்கும். குழலுக்குள் கொஞ்சம் சாஸும் ஏறும்.

ஒயிட் சாஸ் என்று நம் ஊரில் வருவது பெஷமெல். வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் அரை லிட்டர். இத்தாலியில் இதை லசான்யா போன்ற அடுக்கிச் சுடும் பண்டங்களுக்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள். தக்காளி, பூண்டு, வத்தல் போட்ட அராபியாத்தா மெனுவில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தப் பெயருக்குக் கோபக்காரி என்று பொருள். நம் நாக்குக்கு அந்தக் கோபம் போதாது. வத்தலைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

பீட்சாவில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பின் வெப்பம் 450 டிகிரியை ஒட்டி இருக்கும். 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். இங்குள்ள மின்சார அடுப்பு 250 டிகிரி. எட்டுப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பச்சை வெங்காயமும் குடைமிளகாயும் தக்காளியும் விடும் தண்ணீரில் நடுப்பகுதி நனைந்து தொங்கிவிடுகிறது. மேலே இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னாலே பாதிக் குறை தீரும். சீமைக் கருவேலம் இத்தனை மண்டிக் கிடக்கிற, கரிமூட்டம் போடுகிற மாவட்டத்தில் ஒரு விறகடுப்பு பீட்சா கண்ணில் படவில்லை என்பது எங்களுக்குப் பெரிய மனக்குறை. நின்று எரிகிற, நல்ல சூடு தரும் விறகு அது.

பில்லில் பார்க்க வேண்டியவை: சாதாரண உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்காமல் மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பதை இத்தாலிக்காரர்கள் 'அல்லா ரொமானா' என்கிறார்கள், ரோமாபுரி முறை. இரண்டு வகை சொல்லி நடுவில் வைத்துச் சாப்பிட்டால் இந்தக் கணக்கில் யாருக்கும் வருத்தம் வராது.

இரண்டாம் நாள்: கீழக்கரை

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே அரை மணி நேரம். முத்தும் சங்கும் ஏறி இறங்கிய ஊர். 1290களில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த வெனிஸ்காரர் மார்கோ போலோ, இலங்கைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே நடந்த முத்துக்குளிப்பை எழுதிவைத்தார். நம் சாப்பாட்டு முறையும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது: வலக்கையால் மட்டும் சாப்பிடுகிறார்கள், ஆளுக்கொரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள், தண்ணீரை வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறார்கள் என்கிறார். எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஓர் இத்தாலிக்காரர் நம் பந்தியை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் கூட்டத்தில் ஒருவர் "நூடுல்ஸைச் சீனாவுலேருந்து இத்தாலிக்குக் கொண்டு போனதே அவர்தானே" என்று ஆரம்பிப்பார். இல்லை. அவர் ஊர் திரும்பியது 1295-ல். அதற்கு முன்பே, 1279-ல், ஜெனோவாவில் ஒருவரின் உடைமைப் பட்டியலில் ஒரு கூடை மக்ரோனி எழுதப்பட்டிருக்கிறது. அதற்கும் நூறாண்டுக்கு முன் சிசிலித் தீவில் உலர்ந்த மாவு நூல்கள் செய்து கப்பலேற்றியதை அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி குறித்திருக்கிறார். கீழக்கரையின் இடியாப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசப் பொருத்தமான சங்கதி. ஆனால் இடியாப்பத்தைப் பாஸ்தாவோடு ஒப்பிட வேண்டாம். இது வெந்த மாவைப் பிழிந்து ஆவியில் அவிப்பது. அது டியூரம் கோதுமை ரவையைத் தண்ணீரில் பிசைந்து, இழுத்து, காயவைப்பது. அந்த ரவையின் புரதம்தான் கொதிக்கும் தண்ணீரில் கரையாமல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

கீழக்கரையில் எங்களுக்கு வேலை இனிப்போடு. பன்னா கோட்டா என்பது கிரீமைச் சூடாக்கி, உறையவைத்து, கவிழ்த்துப் பரிமாறுவது. இத்தாலியின் வடமேற்கில் பீட்மாண்ட் பக்கத்துப் பண்டம். உறையவைப்பது ஜெலட்டின், அதாவது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. எங்கள் ஆறு பேரில் மூவருக்கு அது ஆகாது. ஆனால் நோன்பு மாதத்தில் இந்த ஊர் வீடுகளில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, துண்டு போடும் கடற்பாசி இருக்கிறதே, அது பன்னா கோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தக் கடற்பாசி, அதாவது அகர் அகர், எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி இந்த மன்னார் வளைகுடாவிலேயே விளைகிறது.

ஆறு பேருக்கு: பால் 300 மில்லி, 25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் கிரீம் 300 மில்லி, சர்க்கரை 60 கிராம், கடற்பாசித் தூள் 3 கிராம். தூளைக் குளிர்ந்த பாலில் தூவி, கலக்கி, அப்புறம்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடான பாலில் கொட்டினால் கட்டி தட்டும். கொதி வந்து இரண்டு மூன்று நிமிடம் தளதளவென்று இருக்கட்டும். 85 டிகிரிக்குக் கீழே அது முழுசாகக் கரையாது. வெதுவெதுப்பில் இறக்கினால் அடியில் மணல் மாதிரி தங்கி, மேலே பால் பாலாகவே இருக்கும். கரைந்தபின் சர்க்கரை, கிரீம் சேர்த்து, மறுபடி ஒரு சூடு காட்டி, வடிகட்டி, கிண்ணங்களில் ஊற்றுங்கள்.

இந்தக் கரையில் கடற்பாசிக்கு இன்னொரு மதிப்பு உண்டு. ஜெலட்டின் 35 டிகிரிக்குள் இளகிவிடும். மதியம் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடானால் பன்னா கோட்டா பாயசமாகிவிடும். கடற்பாசி 40 டிகிரியை நெருங்கும்போதே உறைய ஆரம்பிக்கிறது. மேசைமேல் வைத்தாலும் உறையும், பிறகு இளகாது. குறை ஒன்று உண்டு: ஜெலட்டின் நாக்கில் உருகும், இது உடையும். கூடுதலாகப் போட்டால் ரப்பர். 3 கிராமைத் தாண்டாதீர்கள். மேலே ஊற்ற வெளிநாட்டுப் பழச்சாறு தேட வேண்டாம். கருப்பட்டி 150 கிராமைத் தட்டி 75 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போகத் துணியில் வடிகட்டி, தேன் பதத்துக்குக் காய்ச்சினால் முடிந்தது.

மூன்றாம் நாள்: மண்டபம், பாம்பன்

இன்று கறுப்பு ஸ்பகெட்டி. இந்தப் பயணத்துக்கே இதுதான் காரணம்.

வெனிஸ் பக்கம் கணவாயை அதன் மையிலேயே சமைப்பார்கள். இத்தாலிய மொழியில் கணவாய்க்கு 'செப்பியா' என்று பெயர். பழைய புகைப்படத்தின் பழுப்பு நிறத்தைச் செபியா என்கிறோமே, அது இந்த மையிலிருந்து வந்த பெயர். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் கணவாய் வந்து குவிகிறது. வாங்குகிறவர்கள் மைப்பையை முதல் வேலையாகப் பிய்த்து எறிகிறார்கள். எறிவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

எந்த நாள் போவது? ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்புவது வழக்கம். நாட்டுப்படகுக்காரர்கள் மற்ற நாட்களில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, அப்போது இந்தத் திட்டத்தோடு வராதீர்கள். காற்று எழும்பினாலும் கதை மாறும். பாக் நீரிணை பெண்கடல், மன்னார் வளைகுடா ஆண்கடல் என்பார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கே கொந்தளிக்கும்போது வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் நேர் எதிர்.

கேட்க வேண்டியது ஓட்டுக் கணவாய், அதாவது உள்ளே வெள்ளை ஓடு உள்ள அகலமான வகை. ஊசிக் கணவாயிலும் மை உண்டு, ஆனால் வெள்ளிக் கோடு மாதிரி ஒரு சொட்டு. அரை கிலோ ஸ்பகெட்டிக்குக் காணாது. மூன்று ஓட்டுக் கணவாய், மொத்தம் ஒன்றேகால் கிலோ. "அக்கா, வெட்ட வேண்டாம், முழுசாக் கொடுங்க" என்று இரண்டு முறை சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் கை பழக்கத்தில் கத்தி இறங்கிவிடும். தோல் பளபளப்பாக, பழுப்புப் புள்ளிகள் தெளிவாக இருக்க வேண்டும். தோல் முழுக்க ரோஸ் நிறம் படர்ந்திருந்தால் நேரமாகிவிட்டது. மேலெல்லாம் மை வழிந்திருந்தால் பை உடைந்திருக்கிறது.

பை எடுப்பதில்தான் அவசரம் கூடாது. முதுகுப் பக்கம் தோலை மட்டும் நீளவாக்கில் கீறினால் ஓடு தெரியும். நகத்தால் நெம்பி உருவிவிடுங்கள். சித்த மருந்துக்கடையில் கடல் நுரை என்று விற்பது இந்த ஓடுதான். ஓட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய சவ்வு. அதைக் கத்தியால் தொடாமல் விரலால் விலக்கினால் குடலும் ஈரலும் மொத்தையாகத் தெரியும். தலை எதிர்ப்பக்கம், உடம்பின் கடைக்கோடியில், முத்துச் சிப்பியின் உட்புறம் போல வெள்ளியும் நீலமுமாக மின்னும் ஒரு பை இருக்கும், புளியங்கொட்டையைவிடப் பெரிசு. அதிலிருந்து ஒரு குழாய் தலைப் பக்கம் ஓடும். குழாயை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, பைக்கு அப்பால் வெட்டி, பையை அடியிலிருந்து மெதுவாக உரித்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மூன்று பையும் சேர்ந்தபின் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் குத்திப் பிழிந்து, காபி வடிகட்டியில் வடிகட்டலாம். ஐஸில் கிடந்த கணவாயின் மை குருணை குருணையாகத் திரிந்திருக்கும். வெந்நீரில் பாதி கரையும், மீதியை விட்டுவிடுங்கள். இத்தனையும் பழைய லுங்கியில் நின்று செய்வது நல்லது. துணியில் பட்டால் போகாது.

கழுவும்போது மஞ்சள்தூள் தேய்ப்பது கை தானாகச் செய்யும் காரியம். இன்று வேண்டாம். மையின் வாசமே இளசு; மஞ்சள் அதை அமுக்கிவிடும்.

கணவாய் வேகும் கணக்கு விசித்திரமானது. இரண்டு நிமிடத்தில் இறக்கினால் மெத்து. முப்பது நிமிடம் தாண்டினாலும் மெத்து. நடுவில் எங்கே இறக்கினாலும் செருப்பு வார். இந்தச் சமையலுக்கு நீண்ட கணக்கு. ஆலிவ் ஆயில் 80 மில்லி, பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம், நசுக்கிய நான்கு பல் பூண்டு; வெங்காயம் நிறம் மாறாமல் குழைந்ததும், ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கிய கணவாய். அது தண்ணீர் விட்டு வற்றியபின் ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, ஒரு டம்ளர் வெந்நீர், மூடி போட்டு சிறுதீயில் முப்பத்தைந்து நிமிடம். வெனிஸில் இந்த இடத்தில் ஒயிட் ஒயின் ஊற்றுவார்கள். ஹலால் பார்ப்பவர் கூட இருப்பதால் அதைத் தவிர்த்து, கடைசியில் அரை எலுமிச்சை பிழிந்தோம். புளிப்புக்கு அது போதும். மையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஊற்ற வேண்டும். உப்பை அதற்கப்புறம் பாருங்கள். கணவாயிலும் மையிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

பக்கத்து அடுப்பில் தண்ணீர். இத்தாலியக் கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ராமநாதபுரக் கரையில் இதை அப்படியே பின்பற்றினால் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, போர் தண்ணீர் உவர். அதில் மேலும் உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது; கேன் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ வேண்டும். இரண்டு, கேன் தண்ணீரை ஐந்து லிட்டர் கொதிக்கவைத்துக் கீழே கொட்ட இந்த ஊரில் மனசு வராது. அரை கிலோவுக்கு மூன்று லிட்டர், 25 கிராம் உப்பு போதும். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினால் ஒட்டாது. தண்ணீர் குறைவதில் லாபமும் இருக்கிறது: கஞ்சி கெட்டியாக வரும், சாஸைச் சேர்த்துப் பிடிக்க அது உதவும். கல்லுப்பைக் கரண்டியால் அளக்காமல் எடை போடுங்கள். ஒரே கரண்டியில் தூளுப்பு அதிக எடை நிற்கும்.

பாக்கெட்டில் பத்து நிமிடம் என்றிருந்தால் எட்டில் எடுக்க வேண்டும். ஒரு நூலைக் கடித்தால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும். அந்தப் பதத்தில் இடுக்கியால் நேராகக் கணவாய் வாணலிக்கு. ஒரு டம்ளர் கஞ்சி, பெருந்தீ, இரண்டு நிமிடம் புரட்டல். வாணலியைச் சாய்த்தால் சாஸ் தனியாக ஓடாமல் பாஸ்தாவோடு சேர்ந்து வழுக்க வேண்டும். குழாயடியில் கழுவக் கூடாது. சேமியா கழுவுகிற பழக்கம் இங்கே ஆகாது, கழுவினால் அந்தக் கஞ்சி எல்லாம் போச்சு.

சீஸ் தூவ வேண்டாம். கடல் பண்டத்துக்கு இத்தாலியில் பொதுவாகத் தூவுவதில்லை. பல், உதடு, நாக்கு எல்லாம் கறுப்பாகும். அரை மணி நேரத்துக்கு யாரும் யாரையும் போட்டோ எடுக்க விடமாட்டார்கள். சைவக்காரர்கள் இருவருக்கும் வேறு வாணலியில் தக்காளி சாஸ். பாஸ்தாவை அவர்களுக்கு முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு கறுப்புக்கு.

நான்காம் நாள்: ராமேஸ்வரம்

கோயில் நாள், அதனால் எல்லோருக்கும் சைவம். ரயிலில் வந்தால் 1914-ன் பழைய பாலத்துக்குப் பதிலாக 2025-ல் திறந்த புதிய தூக்குப்பாலம் வழியாகப் போகலாம். நாங்கள் சாலைப் பாலத்தில் போய்விட்டு மாலையில் மண்டபம் திரும்பினோம்.

இரவுக்கு ஆலியோ ஏ ஓலியோ, பூண்டும் எண்ணெயும் என்று அர்த்தம். இதற்கு முண்டு வத்தல். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசியில் வந்தால் களங்களில் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். உருண்டை, தடித்த தோல், நீட்டு வத்தலைவிட நிறமும் வாசமும் தூக்கல். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஈரம், பூசணம் பிடித்திருக்கலாம்.

ஸ்பகெட்டி 500 கிராம், ஆலிவ் ஆயில் 120 மில்லி, மலைப்பூண்டு பத்துப் பல், முண்டு வத்தல் நான்கு. மறுநாளுக்கும் வேண்டும் என்பதால் நாங்கள் 800 கிராம் வேகவைத்து, எண்ணெயும் பூண்டும் அதே விகிதத்தில் கூட்டினோம். தமிழ்க் கை இங்கேதான் தவறும். தாளிப்பு என்றால் எண்ணெய் காய்ந்து புகையும் தறுவாயில் போடுவது. இது அதற்கு நேர்மாறு: குளிர்ந்த எண்ணெயில் சீவிய பூண்டைப் போட்டு, பிறகு அடுப்பைச் சிறுதீயில் பற்றவைப்பது. பூண்டின் சாரம் எண்ணெயில் இறங்கி, ஓரம் பொன்னிறமாக மாற ஆறேழு நிமிடம் ஆகும். பொன்னிறம் வந்ததும் கிள்ளிய வத்தல், உடனே ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர். அந்தத் தண்ணீர் சூட்டை அங்கேயே நிறுத்தும். பத்து விநாடி தாமதித்தால் பூண்டு கசக்கும், வத்தல் கருகி வீடே இருமும். நல்லெண்ணெயில் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. எள் வாசம் வந்ததும் அது வேறு பண்டம்.

சீஸ் விஷயத்தில் சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பை நொதி சேர்க்கிறார்கள். பச்சைப் புள்ளி போட்ட உள்நாட்டு சீஸில் அது இல்லை. இந்தச் சமையலுக்கு எதுவுமே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் நாள்: தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயல் அழித்த ஊர். அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை. வழியில் மீன் வறுத்துத் தரும் குடிசைகள் உண்டு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பாஸ்தாவைப் பார்சல் கட்டிப் போகக் கூடாது, ஆனால் மிஞ்சிய ஸ்பகெட்டியை அடையாக்கிக் கொண்டு போகலாம். நேப்பிள்ஸ்காரர்கள் கடற்கரைக்கு எடுத்துப்போகும் கட்டுச்சோறு இதுதான், ஃப்ரித்தாத்தா. இரவு ஃப்ரிட்ஜில் வைத்த 400 கிராம் ஸ்பகெட்டி, ஐந்து முட்டை, துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, மிளகு. கலந்து, தோசைக்கல்லில் அல்ல, குழிவான நான்ஸ்டிக்கில் இரண்டு விரல் கனத்துக்கு ஊற்றி, சிறுதீயில் பக்கத்துக்கு எட்டு நிமிடம். திருப்பும்போது கரண்டியை நம்பாதீர்கள். தட்டைக் கவிழ்த்து மூடி, வாணலியோடு புரட்டி, மறுபடி சறுக்கிவிடுங்கள். நடுவில் குத்திய கத்தி ஈரமில்லாமல் வர வேண்டும். முழுக்க ஆறியபின்தான் துண்டு போட்டு வாழை இலையில் மடிக்க வேண்டும். சூட்டோடு மடித்தால் வேர்த்து, சீக்கிரம் ஊசிப்போகும். காலை எட்டுக்குச் செய்தது பத்தரைக்குள் தீர வேண்டும். முட்டை சாப்பிடாத இருவருக்கு ரொட்டியும், உப்பும் எண்ணெயும் பிசிறிய தக்காளியும்.

உட்காரும் இடம்: மாசியில் இன்னும் வடகிழக்குக் காற்றுதான், பெண்கடல் பக்கமிருந்து மணலை வாரிக்கொண்டு வரும். வண்டியைச் சாலையோரம் குறுக்காக நிறுத்தி, அதன் தெற்குப் பக்கம் உட்காருங்கள். இலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் விரித்தால் கடிக்கும்போது முதலில் பல்லில் படுவது மணல்தான்.